ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்? மூளை அறுவை சிகிச்சை நோயாளிகளின் விளைவு ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் மாணவனாக இருந்தபோது செய்த முதல் ஆய்வு ஒரு பொய். வேண்டுமென்றே சொன்னதல்ல. மண்டையில் துளையிட்டு ரத்தக்கட்டை வெளியேற்றிய நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் "நலமாக வீடு திரும்பினார்" என்று இருந்தவர்களையெல்லாம் "நல்ல விளைவு" என்ற பத்தியில் சேர்த்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "சரி தம்பி, இவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதியதே என்னைப் போன்ற ஒரு பயிற்சி மருத்துவர்தான். படுக்கை காலியாக வேண்டிய அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே வரியை எழுதியிருந்தோம்.

பிறகு பலருடைய ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியாக இருந்ததில் கற்றதை இங்கே எழுதுகிறேன். நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையில் எம்.சிஎச். என்ற உயர்பட்டம் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆய்வு உதவியாளர்களுக்கும், தரவு சேகரிக்கும் செவிலியர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது என்பதால் ஒரே நோயை எடுத்துக்கொள்கிறேன்: நாட்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு, அதாவது மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் இடையே மெல்லச் சேரும் ரத்தம். குளியலறையில் வழுக்கிச் சுவரில் தலை இடித்துக்கொண்ட ஒரு முதியவர் அதை மறந்தே போயிருப்பார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை இழுத்து நடப்பார், பேரன் பெயரை மாற்றிச் சொல்வார். வீட்டில் வயதாகிவிட்டது என்பார்கள், அல்லது வாதம் என்பார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தால் மூளையின் மேல் பிறை வடிவில் ஒரு படலம். வயதில் மூளை சுருங்குவதால் அதற்கும் வெளி உறைக்கும் இடையே ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சிறு இடியில் கசிகின்றன. கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கிறது. அந்தச் சவ்வின் மெலிந்த ரத்த நாளங்களே மறுபடி மறுபடி கசிந்து அந்த ரத்தக் கட்டியைப் பெருக்குகின்றன. ஒன்றோ இரண்டோ துளையிட்டு, உப்புநீரால் கழுவி, ஒரு வடிகுழாயை வைத்துவிட்டு வெளியே வருவதுதான் சிகிச்சை. எந்தத் துறையிலும் இந்த நோயாளிகள் இருப்பார்கள். அறுவை சிறியது. ஆனால் "விளைவு" என்றால் என்ன என்ற வழக்கு இதில் போல வேறெங்கும் தெளிவாகத் தெரியாது.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"நாட்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு நோயாளிகளின் விளைவுகள்: ஓர் ஆய்வு." இப்படித்தான் பத்தில் எட்டு மாணவர்கள் வந்து நிற்பார்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் கேள்வியே இல்லை. இதைக் கேள்வியாக்கினால் இப்படி வரும்: 60 வயதைத் தாண்டி, முதன்முறையாகத் துளை அறுவை செய்துகொண்டவர்களில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிட்டுவந்தவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும், ஆறாவது மாதத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனில் வேறுபாடு உண்டா? யார், எதனால், யாரோடு ஒப்பிட்டு, எந்த நாளில், எதை அளந்து என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கேள்வி வந்ததும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, துளையிட்ட பின் வடிகுழாய் வைத்தால் கட்டி திரும்பி வருவது குறைகிறதா என்று கேட்டது. 215 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் கட்டி திரும்பியது. ஆறு மாத இறப்பிலும் வேறுபாடு: 8.6 சதவீதத்துக்கு எதிரே 18.1. இத்தனை பெரிய வேறுபாட்டைப் பிடிக்க, வழக்கமான 80 சதவீதத் திறனோடு (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), பிரிவுக்கு 100 பேர் போதும். ஆனால் 10 சதவீதம் 7 ஆகக் குறைகிறதா என்று நீங்கள் கேட்டால் பிரிவுக்குச் சுமார் 1,350 பேர் வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு துறைக்குள் அது நடக்காது.

உங்களிடம் 90 பேர்தான் தேறுவார்கள் என்றால் ஒப்பீட்டை விட்டுவிட்டு விவரணை ஆய்வு செய்யுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 90 பேரில் 9 பேருக்குக் கட்டி திரும்பினால் "10 சதவீதம்" என்று மட்டும் எழுதாமல், உண்மை விகிதம் ஏறக்குறைய 5க்கும் 18க்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்று சேர்த்து எழுதுங்கள். படிப்பவர் உங்கள் ஆய்வின் எடையைத் தானே போட்டுக்கொள்வார்.

இரண்டாம் படி: எதை விளைவு என்கிறீர்கள்?

கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். திறந்த பிறகு முடிவு செய்தால், எந்த எண் அழகாக வருகிறதோ அதையே விளைவு என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும். யாருக்கும் இது நடக்கும், எனக்கு நடந்திருக்கிறது.

அறுவை மருத்துவருக்குக் கட்டி திரும்புவதுதான் பெரிய கவலை. மறுபடி தியேட்டருக்கு ஏற்ற வேண்டும், உறவினர்களிடம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பெரும்பாலான ஆய்வேடுகளில் "மறு அறுவை விகிதம்" தான் முதன்மை விளைவாக நிற்கும். அது போதுமா? பிரிட்டனில் 2020இல் முடிவு வெளியான டெக்ஸ்-சி.எஸ்.டி.எச். ஆய்வைப் பாருங்கள். இந்த நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இரண்டு வாரம் கொடுத்தால் நன்மை உண்டா என்பது கேள்வி. 748 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலோருக்கு அறுவையும் நடந்தது. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் மருந்துப் பிரிவில் 1.7 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 7.1 சதவீதம். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் உலகம் முழுக்க எல்லோருக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருப்போம். அவர்கள் முதன்மை விளைவாக வைத்திருந்தது வேறு: ஆறாம் மாதத்தில் நோயாளியின் செயல்நிலை. நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 83.9 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 90.3 சதவீதம். மருந்து மறு அறுவையைக் குறைத்தது. ஆனால் நல்ல நிலையில் வாழ்ந்தவர்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டது.

தலைக்காய ஆய்வுகளில் இதன் இன்னொரு முகம். மூளை வீங்கி அழுத்தம் அடங்காதபோது மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவையைச் சோதித்தது 2016இல் வெளியான ரெஸ்க்யூ-ஐ.சி.பி. ஆய்வு, 408 பேர். ஆறாம் மாத இறப்பு 48.9 சதவீதத்திலிருந்து 26.9 சதவீதமாக இறங்கியது. அதே சமயம் உணர்வற்றுக் கிடக்கும் நிலையில் வாழ்ந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாக ஏறினார்கள். "உயிர் பிழைத்தார்" என்ற ஒற்றைப் பத்தி இந்தக் கணக்கை மறைத்துவிடும்.

ஆகவே தரப்படுத்திய அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்காயத்துக்கு கிளாஸ்கோ விளைவு அளவுகோல். 1975இல் ஜெனெட்டும் பாண்டும் ஐந்து நிலைகளாக வெளியிட்டது பின்னர் எட்டு நிலைகளாக விரிந்தது. நம் நோய்க்குத் திருத்திய ரேங்கின் அளவுகோல் பொருந்தும். அறிகுறியே இல்லையென்றால் 0. அறிகுறி இருந்தும் வழக்கமான எல்லா வேலையும் செய்தால் 1. பழைய வேலைகள் சில முடியாவிட்டாலும் தன் காரியங்களைத் தானே கவனித்துக்கொண்டால் 2. கொஞ்சம் உதவி வேண்டும், ஆனால் துணையின்றி நடக்கிறார் என்றால் 3. துணையின்றி நடக்கவோ உடல் தேவைகளைக் கவனித்துக்கொள்ளவோ முடியாது என்றால் 4. படுத்த படுக்கை 5. இறப்பு 6. டெக்ஸ்-சி.எஸ்.டி.எச். ஆய்வு 0 முதல் 3 வரை நல்ல விளைவு என்று கொண்டது. பல பக்கவாத ஆய்வுகள் 2க்கு மேல் போனாலே மோசம் என்கின்றன. நீங்கள் எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்.

ரேங்கினோடு நிற்காமல் இறப்பு, மறு அறுவை, தொற்று, வலிப்பு ஆகியவற்றையும் துணை விளைவுகளாகக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் சொல் வரையறை மட்டும் கறாராக இருக்கட்டும். "கட்டி திரும்பியது" என்றால் ஸ்கேனில் தெரிந்ததா, அறிகுறி வந்ததா, மறுபடி அறுத்தீர்களா? மூன்றும் மூன்று எண்கள் தரும். அறுவைக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருப்பது சாதாரணம். அதையும் எண்ணினால் உங்கள் துறை உலகிலேயே மோசமான துறையாகத் தெரியும்.

மூன்றாம் படி: எந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறீர்கள்?

எல்லோரும் ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டிலிருந்துதான் பெயர்களை எடுப்பார்கள். அது சுத்தமாக இருக்கும், வரிசையாக இருக்கும். அதில் இல்லாதவர்களை யோசித்துப் பாருங்கள். அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்து, தியேட்டர் கிடைப்பதற்குள் இறந்தவர். மயக்க மருந்துக்கு இதயம் தாங்காது என்று விட்டவர். "இந்த வயதில் மண்டையைத் திறக்க வேண்டாம்" என்று மகன்கள் முடிவெடுத்துக் கூட்டிப்போனவர். இவர்களை விட்டுவிட்டால் உங்கள் ஆய்வு நோயைப் பற்றியதாக இருக்காது. தியேட்டர் வாசலைத் தாண்டியவர்களைப் பற்றியதாக இருக்கும். கேள்வி அறுவையைப் பற்றியது என்றால் அதுவும் சரிதான். ஆனாலும் தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லியாக வேண்டும். ஸ்கேன் அறைப் பதிவேட்டையும் வார்டு சேர்க்கைப் பதிவேட்டையும் எடுத்துத் தியேட்டர் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாலைகள் தூசி தின்ன நேரும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஓட்டை: சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்லுதல். மூச்சு அடங்கப்போகிறது என்று தெரிந்ததும், உயிர் வீட்டில் போகட்டும் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போவது நம்மிடையே புதிதல்ல. பதிவேட்டில் இவர் இறப்பு அல்ல, "டிஸ்சார்ஜ்". இவரை நல்ல விளைவோடு சேர்த்து எண்ணியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனிப் பத்தி ஒன்று ஒதுக்கி, பின்னர் தொலைபேசியில் உறுதி செய்யுங்கள்.

நான்காம் படி: அனுமதி

நிறுவன நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டையும் தொடாதீர்கள். பழைய பதிவுகளை அடையாளம் நீக்கி மட்டும் ஆராய்கிறீர்கள் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 வழிகாட்டுதல்களின்படி தனித்தனி ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்கலாம். கொடுப்பது குழுவின் கையில். தொலைபேசியில் அழைக்கப்போகிறீர்கள் என்றால் அதை விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லி, அழைப்பின் தொடக்கத்தில் கேட்கும் வாய்மொழி ஒப்புதலின் வாசகத்தையும் தமிழில் இணையுங்கள். ஆங்கிலத்தில் எழுதி, பேசும்போது மனத்துக்குள் மொழிபெயர்த்தால் ஆளுக்கு ஒரு மாதிரி வரும்.

இனிமேல் வரும் நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வென்றால் இன்னொரு சிக்கல். இந்த நோயாளிக்கு அறிவு மங்கியிருப்பதே நோயின் அறிகுறி. அவரால் ஒப்புதல் தர இயலாதபோது சட்டப்படி ஏற்கத்தக்க உறவினர் கையெழுத்திடலாம். அறுவைக்குப் பின் தெளிந்ததும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று ஆய்வாளரே பிரித்துக் கொடுக்கும் சோதனை ஆய்வு என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பிந்திய பதிவை அவர்கள் ஏற்பதில்லை. எம்.சிஎச். ஆய்வேடுதானே என்ற சலுகை கிடையாது.

ஐந்தாம் படி: தரவுப் படிவம்

வயது, பாலினம், விழுந்த நாள், சேர்ந்த நாள், கிளாஸ்கோ உணர்வு மதிப்பெண், கைகால் பலவீனம், ரத்தம் உறைவைத் தடுக்கும் மருந்து, மது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு பக்கமா இரு பக்கமா, துளைகள் எத்தனை, குழாய் வைத்ததா, எத்தனை மணி நேரம். இதற்கு மேல் ஒவ்வொரு கேள்வியைச் சேர்க்கும்போதும் "இது எந்த அட்டவணையில் வரும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

ஒரு விதி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "இல்லை" என்பதும் "எழுதப்படவில்லை" என்பதும் வேறு. கேஸ் ஷீட்டில் மது பற்றி ஒன்றும் இல்லையென்றால் அவர் குடிக்கவில்லை என்று பொருளல்ல. நள்ளிரவில் சேர்த்துக்கொண்ட மருத்துவர் கேட்கவில்லை என்றே பொருள். இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு கோப்பில், மருத்துவத் தரவு இன்னொரு கோப்பில், நடுவே ஆய்வு எண் மட்டும். எக்செல் போதும். ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருள் கிடைத்தால் இன்னும் நல்லது, யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அதில் இருக்கும். முதல் பத்து நோயாளிகளை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். படிவத்தின் பாதிக் கோளாறு அதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்கேன் அளவுகளை, கட்டியின் அதிகபட்சத் தடிமனையும் மூளையின் நடுக்கோடு நகர்ந்த தூரத்தையும், இரண்டு பேர் தனித்தனியாக, நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அளக்க வேண்டும். எந்த மட்டத்தில் அளப்பது என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள்.

ஆறாம் படி: அந்தத் தொலைபேசி அழைப்பு

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பதும் இதைத்தான்.

பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். ஹார்வே கஷிங்கின் ஹார்வர்டு வகுப்புத் தோழர். மாணவப் பருவத்தில் இருவரும் மயக்க மருந்து கொடுப்பதில் யார் சிறந்தவர் என்று போட்டி போட்டவர்கள். கஷிங் மூளை அறுவையில் உலகப் புகழ் பெற்றார். காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1911 முதல் 1916 வரை தன் சிறு மருத்துவமனையிலிருந்து வெளியேறிய 337 பேரின் முடிவுகளை, 123 பிழைகளோடு தானே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். நீங்கள் எடுக்கப்போகும் தொலைபேசிக்கு அவர் ஒரு பாட்டன் முறை.

எண்ணிலிருந்து தொடங்குவோம். கேஸ் ஷீட்டில் இருக்கும் எண் நோயாளியுடையதாக இருப்பது அரிது. கூட்டி வந்த ஆட்டோ ஓட்டுநருடையது, ஊரில் இல்லாத மருமகனுடையது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் கைமாறிப்போன எண். இனி வரும் நோயாளிகளிடமாவது மூன்று எண்கள் வாங்குங்கள்: வீட்டில் கூடவே இருப்பவர், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை, பக்கத்து வீடு அல்லது தெருமுனைக் கடை. வாங்கியதும் அங்கேயே ஒருமுறை அழைத்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போனவர் எடுக்க மாட்டார். மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். வெவ்வேறு நாள்களில் ஐந்து முறை அழைத்த பிறகே "தொடர்பில் இல்லை" என்று எழுதுவது என ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்பையும் தேதி, நேரத்தோடு குறியுங்கள். ஆறாம் மாதம் என்றால் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே என்பது போல ஒரு சாளரமும் வேண்டும். ஒருவரை நான்காம் மாதத்திலும் இன்னொருவரை இரண்டாம் ஆண்டிலும் பிடித்து ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது.

யாரிடம் கேட்பது? நோயாளி பேச முடிந்தால் முதலில் அவரிடம். அடுத்து, குளிக்க வைப்பவரிடம், சோறு போடுபவரிடம். சென்னையில் இருக்கும் மகன் "அப்பா நன்றாக இருக்கிறார் சார்" என்று மரியாதையாகச் சொல்வார். ராத்திரியில் எத்தனை முறை எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்று மருமகளுக்குத்தான் தெரியும்.

ரேங்கின் கேள்விகளை மேற்கிலிருந்து அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே "ஒரு வாரம் தனியாக வாழ முடியுமா?" என்று கேட்பார்கள். நம் வீடுகளில் கிடைக்கும் பதில், "அம்மாவை எதற்கு டாக்டர் தனியாக விடப்போகிறோம்?" அது அன்பைப் பற்றிய பதில், திறனைப் பற்றியது இல்லை. நான் பயன்படுத்தும் வழி இது: "எல்லோரும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டீர்கள். வர இரண்டு நாள் ஆகும். அம்மா தானே சமைத்து, குளித்து, மாத்திரை போட்டுக்கொண்டு இருந்துவிடுவாரா?" இதற்கு ஒரு கண மௌனம் வரும். அதன்பின் வருவதுதான் உண்மையான பதில். சமையலறைப் பக்கமே போகாத தாத்தாவிடம் சமையலைக் கேட்காதீர்கள். நோய்க்கு முன் அவர் செய்த வேலையைக் கேளுங்கள். ரேஷன் கடைக்குப் போய் வந்தாரா, வங்கியில் பென்ஷன் எடுத்தாரா, மாட்டைப் பிடித்துக் கட்டினாரா? இப்போது அவை முடிகின்றனவா? நோய்க்கு முந்தைய நிலையையும் இதே அளவுகோலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முழங்கால் தேய்ந்து தடியூன்றி நடந்தவருக்கு அறுவையால் 0 வந்துவிடாது.

அழைப்பவருக்கு எந்த நோயாளி எந்தப் பிரிவு என்று தெரியாமல் இருப்பது நல்லது. அறுவை செய்தவரே அழைப்பது மிக மோசம். "தெய்வம் மாதிரி காப்பாற்றினீர்கள்" என்றபின் யார் குறை சொல்வார்கள்?

இறந்தவர்களின் வீட்டுக்கும் அழைப்பு போகும். இதற்குத் தயாராகாமல் இளம் மருத்துவரைத் தொலைபேசி முன் உட்கார வைக்காதீர்கள். எடுத்தவுடன் "ஐயா எப்படி இருக்கிறார்?" என்று உற்சாகமாகக் கேட்டுவிட்டு, "அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது" என்ற பதிலில் என் மாணவி ஒருவர் பேச்சற்றுப் போனார். யார் பேசுவது, எங்கிருந்து, எதற்காக என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, "பேசலாமா?" என்று கேட்டுத் தொடங்குங்கள். இறப்பு என்று தெரிந்தால் முதலில் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். தேதியும் காரணமும் பிறகு. அன்று முடியாவிட்டால் இன்னொரு நாள்.

பேசும்போதே புதிதாகத் தலைவலி, வாந்தி, கால் இழுப்பு என்று தெரியவந்தால் நீங்கள் அந்த நொடியில் ஆய்வாளர் அல்ல, மருத்துவர். எங்கே, யாரைப் பார்க்க வர வேண்டும் என்று சொல்லும் வழிமுறை கையருகே எழுதி ஒட்டியிருக்கட்டும்.

ஏழாம் படி: விடுபட்டவர்களின் கணக்கு

எத்தனை முயன்றாலும் சிலர் கிடைக்க மாட்டார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேரில் 70 பேர் கிடைத்தார்கள், அதில் 60 பேர் நலம். "86 சதவீதம் நல்ல விளைவு" என்று எழுதக் கை துடிக்கும். கிடைக்காத 30 பேரும் மோசமாக இருந்தால் உண்மை 60 சதவீதம். எல்லோரும் நலமாக இருந்தால் 90. இந்த இரு எல்லைகளையும் கட்டுரையில் எழுதுங்கள். கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் சேர்க்கையின்போது வயதிலும் உணர்வு மதிப்பெண்ணிலும் எப்படி வேறுபட்டார்கள் என்று ஓர் அட்டவணையும் போடுங்கள். கிடைக்காதவர்களை மொத்த எண்ணிக்கையிலிருந்தே சத்தமில்லாமல் நீக்கிவிடுவது ஒரு பழைய தந்திரம். கூர்ந்து படிப்பவருக்கு அது உடனே தெரியும்.

எட்டாம் படி: புள்ளியியல்

முதல் நாளிலேயே புள்ளியியல் நிபுணரைப் போய்ப் பாருங்கள். தரவு சேர்ந்தபின் போனால் அவர் செய்யக்கூடியது பிரேதப் பரிசோதனை மட்டுமே.

பழைய பதிவுகளை வைத்துச் செய்யும் பின்னோக்கிய ஆய்வில் பெரிய பள்ளம், சிகிச்சை ஏன் கொடுக்கப்பட்டது என்பது. உங்கள் துறையில் குழாய் வைக்காதவர்களுக்கு விளைவு நன்றாக இருந்தது என்று வருகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வு தவறா? தியேட்டரில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். கழுவி முடித்ததும் மூளை விரிந்து துளை வரை வந்துவிட்டால் குழாய் வைக்க இடமில்லை, பலர் வைப்பதில்லை. மூளை விரிந்தவருக்கு எப்படியும் கட்டி திரும்புவது குறைவு. ஆகக் குழாயை விடுத்ததற்கான காரணமே நல்ல விளைவுக்கான காரணம். அறுவைக் குறிப்பில் "மூளை விரிந்தது" என்ற வரி இல்லையென்றால் எந்தக் கணிப்பொறி மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

குலுக்கல் முறை ஆய்வும் இப்படிப்பட்ட பள்ளத்திலிருந்து தப்பாது. 2011இல் வெளியான டெக்ரா ஆய்வில் 155 தலைக்காய நோயாளிகள். மண்டை ஓட்டை எடுத்த பிரிவில் 70 சதவீதம் பேருக்கு மோசமான விளைவு, எடுக்காத பிரிவில் 51. ஆனால் இரு கண்மணிகளும் ஒளிக்கு அசையாதவர்கள், அதாவது காயம் மிகக் கடுமையானவர்கள், தொடக்கத்திலேயே அறுவைப் பிரிவில் 27 சதவீதம், மற்றதில் 12. அதைச் சரிக்கட்டிக் கணக்கிட்டபோது வேறுபாடு புள்ளியியல்படி நிற்கவில்லை. முதல் அட்டவணையை மேலோட்டமாகத் தாண்டிப் போகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பல காரணிகளை ஒரே சமன்பாட்டில் போடும் ஆசையையும் அடக்குங்கள். 120 பேரில் 12 பேருக்குக் கட்டி திரும்பியது; பதினொரு காரணிகளைப் போட்டு "மது ஒரு தனித்த காரணி, பி மதிப்பு 0.04" என்று எழுதுவார்கள். ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகள் என்ற தோராய விதியின்படி, 12 நிகழ்வுகள் ஒரே ஒரு காரணியைத் தாங்கும். எதைச் சரிக்கட்டுவது என்பதைத் தரவைப் பார்க்காமல், நோயைப் பற்றித் தெரிந்ததை வைத்து முடிவு செய்யுங்கள். பி மதிப்பை மட்டும் எழுதாமல் வேறுபாட்டின் அளவையும், உண்மை அளவு இருக்கக்கூடிய இடைவெளியையும் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதல்

நடப்பதைக் கவனித்து மட்டும் பதியும் ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல் 2007 முதல் இருக்கிறது. எழுதி முடித்தபின் டிக் போடுவதற்கு அல்லாமல், தொடங்கும்போதே மேசையில் வையுங்கள். ஸ்கேனில் நோய் தெரிந்தவர்கள் எத்தனை, அறுவை நடந்தவர்கள் எத்தனை, ஆறாம் மாதம் கிடைத்தவர்கள் எத்தனை என்று படிப்படியாகக் குறையும் ஓட்டப்படம் முதல் படமாக வரட்டும். உங்கள் ஆய்வு ஒரே துறையில், பின்னோக்கி, சிலரைத் தவறவிட்டு நடந்தது என்றால் அதை நீங்களே சொல்லிவிடுங்கள். "தொடர்பு இருந்தது" என்று சொல்ல முடிந்த இடத்தில் "காரணம்" என்று எழுதாதீர்கள்.

கட்டுரை வெளியாகிறதோ இல்லையோ, இன்னொரு வேலை மீதமிருக்கிறது. ஆய்வேட்டின் பிரதி நூலகத்துக்குப் போய்விடும். அடுத்த மாணவர் வந்து மறுபடி பழைய பதிவேட்டின் தூசியைத் தட்டுவார். தியேட்டர் பதிவேட்டில் வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் கூட்டச் சொல்லித் துறைத் தலைவரிடம் கேளுங்கள். தலைப்பு "ஆறாம் மாதம்" என்று இருந்தால் போதும். ரேங்கின் எண்ணை எழுத ஒரு சிறு கட்டம், அழைத்தவரின் கையொப்பத்துக்கு இன்னொன்று. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலையில், ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் தொலைபேசியின் முன் உட்கார வேண்டும்.